மூன்று என்று சொன்னேன், ஏழு

கண்ணு,

மாம்பழத் திருவிழாவில் மூன்று பழம் தின்றேன் என்று போனில் உன்னிடம் சொன்னேன். ஏழு. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளையிடம் ஒரு சர்க்கரைக்காரன் இப்படிப் பொய் சொல்லக் கூடாதுதான், ஆனால் மறுநாள் உனக்குப் பரீட்சை, உண்மையைச் சொல்லியிருந்தால் புத்தகத்தை மூடிவிட்டு என்னைத் திட்ட உட்கார்ந்திருப்பாய். ஊருக்கு வந்ததும் ரத்தம் கொடுத்துப் பார்த்தாயிற்று. எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டுக்கொள், என் கையால் எழுத மாட்டேன்.

கூட வர முடியவில்லையே என்று நீ இன்னும் சாரி சொல்லிக்கொண்டிருக்கிறாய். விடு. நீ வந்திருந்தால் எனக்கு அந்த அரை மணி நேரம் கிடைத்திருக்காது, மூன்றாவது பழத்திலேயே தட்டைப் பிடுங்கியிருப்பாய்.

பிலிப்பைன்ஸின் இலோயிலோவிலிருந்து குய்மராஸ் தீவுக்குப் படகில் கால் மணி நேரம்தான், இரண்டு பக்கமும் மூங்கிலைக் கட்டி வைத்திருக்கிற படகு. இறங்குகிற ஊரின் பெயர் ஜோர்டான் என்றதும் உங்கள் அம்மா "எதுக்குங்க அரபு நாட்டுக்கெல்லாம் போனீங்க" என்று போனிலேயே பதறிவிட்டாள். வழியில் தின்னலாம் என்று உன் அறையிலிருந்து இரண்டு மாம்பழம் எடுத்துப் போயிருந்தேன் இல்லையா, அதைப் படகு ஏறுவதற்கு முன்பே கரையில் ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டியதாயிற்று. வெளியூர் மாம்பழம் அந்தத் தீவுக்குள் போகவே கூடாதாம், கன்றும் கூடாது. பலாவான் தீவுப் பக்கம் பழத்தின் சதைக்குள்ளேயே இருந்து தின்கிற ஒரு வண்டு உண்டு, அது இங்கே வந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தக் கட்டுப்பாட்டால்தான் அவர்களுடைய பழம் அமெரிக்கா வரைக்கும் போக அனுமதி வாங்கியது. மொத்தத் தீவும் சுமார் 600 சதுர கிலோமீட்டர், ஐந்து ஊர்கள், இப்படிச் சட்டம் போட்டுக் காப்பாற்ற அந்த அளவு வசதியாக இருக்கிறது. நம்ம ஊரில் யார் லாரியை நிறுத்துவது?

திருவிழாவுக்குப் பெயர் மங்காஹான். மாந்தோப்பு என்று அர்த்தம் சொன்னார்கள். மங்கா என்பது நம் மாங்காய்தான், மலாய் வழியாக அங்கே போயிருக்கிறது, போர்ச்சுகீசியர்கள் எடுத்துக்கொண்டு போனதுதான் மேங்கோ ஆனது. பக்கத்தில் நின்ற பையனிடம் "மாங்காய், தமிழ்" என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவன் எனக்குப் பசிக்கிறது என்று புரிந்துகொண்டு வரிசையைக் காட்டினான்.

1992 மே மாதம் குய்மராஸ் தனி மாகாணமானது, அடுத்த வருஷத்திலிருந்து இந்த விழா. தெருவெல்லாம் நடனம், ஊர் ஊராகக் கடை, மாம்பழத்தைப் போட்டு பிட்சா வேறு (வேண்டாம், அதைப் பற்றிப் பேசாதே). ஆனால் ஜனம் வருவது தின்பதற்குத்தான். பணம் கட்டினால் அரை மணி நேரம், எவ்வளவு வேண்டுமானாலும், வெளியே மட்டும் எடுத்துப் போகக் கூடாது. என் எதிரில் ஒரு குடும்பம், பாட்டி உட்பட ஆறு பேர். கொட்டைக்கு இரண்டு பக்கமும் கன்னத்தை அறுத்து எடுத்து, ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டி, சட்டையில் ஒரு சொட்டு விழாமல் தின்றார்கள். நான் நம்ம வழக்கப்படி உருட்டிக் கசக்கி, காம்பைக் கடித்துத் துப்பி, வாயை வைத்து உறிஞ்சினேன். பாட்டி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நாலாவது பழத்தில் அவரும் ஒன்றை உருட்ட ஆரம்பித்தார்.

பழம் எப்படி என்று கேட்டாயே. கராபாவோ என்கிற ரகம், கையில் அடங்குகிற அளவு, மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள், கொட்டை தட்டை, நார் என்ற பேச்சே இல்லை. அல்போன்சா மாதிரி வாசனை வீட்டைத் தூக்காது. இனிப்பில் நம்ம இமாம் பசந்துக்குப் பக்கத்தில் நிற்கும், மேலே என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன ஞாபகம் வந்தது. தட்டு தட்டாக எத்தனை ரகம் அடுக்கி வைத்திருப்பார்கள், நீ ஒன்றைத் தொட்டுவிட்டாய் என்று ஒருவர் அதட்டினார், அப்புறம் ராட்டினம், டெல்லி அப்பளம், வீடு. ஒரு பழம் தின்றோமா? விளைவிக்கிற ஊரில் விளைந்ததைத் தொடாமல் பார்த்துவிட்டு வந்தோம்.

மத்தியானம் ஒரு தோப்புக்குள் போனேன், அங்கேதான் எனக்கு நேரம் போனது. மரம் முழுக்க காகிதப் பொட்டலம்! பழைய செய்தித்தாள், டெலிபோன் டைரக்டரி, என்ன கிடைக்கிறதோ அது. பிஞ்சு கோழி முட்டை அளவுக்கு வந்ததும் ஒவ்வொரு காயாக மூங்கில் ஏணியில் ஏறிப் பொட்டலம் சுற்றி, வாயை மடித்து, ஈர்க்குச்சியால் ஒரு குத்து. அங்கிருந்த ஆள் ஒரு காய்க்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத்தான் முடிந்தது. பழ ஈ முட்டை வைக்க முடியாது, தோலில் கறை விழாது. பூக்க வைக்க நாம் கல்டார் என்கிற மருந்தை ஊற்றுகிறோம், அவர்கள் பொட்டாசியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கலந்து இலைமேல் அடிக்கிறார்கள், ஒரு வாரம் பத்து நாளில் மொட்டு வந்துவிடுகிறது. முன்னே மரத்தடியில் நாள்கணக்கில் புகை போட்டுக்கொண்டிருந்தார்களாம். இந்த நைட்ரேட் முறையைக் கண்டுபிடித்தவர் ராமோன் பார்பா, காப்புரிமை வாங்கி வைத்தும் உழவர்களிடம் அதற்குக் காசு கேட்கவில்லை, 2014-ல் அந்த நாடு அவரைத் தேசிய விஞ்ஞானி ஆக்கியது. 2023-ல் குய்மராஸ் மாம்பழத்துக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது, பிலிப்பைன்ஸிலேயே முதலாவது.

இங்கே நிலைமை உனக்குத் தெரியும். போன வருஷம் கூழ் ஃபேக்டரிக்காரர்கள் பெங்களூரா ரக மாம்பழத்தைக் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்டார்கள், பறிகூலிக்கே கட்டவில்லை, மரத்தடியிலேயே விட்டோம். ஐந்து ரூபாய்ப் பழத்துக்கு யார் காகிதம் சுற்றுவார்கள் என்று பெரியப்பா கேட்கிறார், நியாயம்தான். ஆனால் கிணற்றோரம் நிற்கிற அந்த நீலம் மரம் இருக்கிறதே, வருஷா வருஷம் பாதிப் பழம் புழுவாகவே போகும், அது ஜூலையில்தான் பறிப்புக்கு வரும். வந்த மூன்றாம் நாளே ஏணியைச் சாத்திவிட்டேன். ஈர்க்குச்சிக்கு நம்ம வீட்டு விளக்குமாறு பாதியாகிவிட்டது, அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவளே கீழே உட்கார்ந்து பொட்டலம் ஒட்டிக்கொடுக்கிறாள், என்னைவிட வேகமாக. ரோட்டில் போகிறவர்கள் நின்று, மரத்துக்கு என்ன கல்யாணமா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இதுவரை 214 காய். இன்னும் உச்சிக் கிளை அப்படியே இருக்கிறது, வீட்டிலிருந்த செய்தித்தாளெல்லாம் தீர்ந்துவிட்டது, எடைக்குப் போடுகிற கடையிலும் கேட்டுவிட்டேன். பரண்மேல் உன் நீட் கோச்சிங் புத்தகங்கள் ஒரு மூட்டை இருக்கின்றன, கெட்டித் தாள், மழை பட்டாலும் தாங்கும். அம்மா தொடக் கூடாது என்கிறாள். பிசிக்ஸ் மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா? இன்னும் கிழிக்கவில்லை, உன்னைக் கேட்டுவிட்டுத்தான்.

அப்பா