லயம் பிதா மெக்சிகோவில்

மெக்சிகோ நகரம்

அன்புள்ள சேகர்,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். மணி விஷயத்தில் நீ செய்ததுதான் சரி. அவன் கோபம் தீபாவளி வரை தாங்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ராத்திரி இங்கே கரிபால்டி சதுக்கத்தில் மரியாச்சி கேட்டேன், மெக்சிகோவின் நாட்டுப்புற வாத்தியக் குழு இசை. உடனே உனக்குப் பெரிய தொப்பியும் டிரம்பெட்டும்தான் ஞாபகம் வரும். டிரம்பெட் பின்னால் வந்து சேர்ந்தது. 1930களுக்குப் பிறகு, ரேடியோ காலத்தில்தான் நிலைத்தது. அதற்கு முன் மேற்கே ஹலிஸ்கோ மாநிலப் பக்கத்து ஊர்களில் வயலின், கிட்டார் வகைகள், சில இடங்களில் ஹார்ப், இவைதான் முக்கியம். நான் கேட்ட குழுவில் கொட்டு வாத்தியமே கிடையாது! சுருதி மாதா என்றால் லயம், அதாவது தாளக்கட்டு, பிதா என்று எங்களோடு மல்லுக்கு நிற்பாயே, அந்தப் பிதா இங்கே கிட்டரோனுக்குள் குடியிருக்கிறார். முதுகு புடைத்த பெரிய கிட்டார் அது. ஆறு தந்தி, வீணையில் இருப்பது போல மெட்டுக்கட்டைகள் கிடையாது. வாசித்த பெரியவர் ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில், இரண்டு தந்திகளைச் சேர்த்துச் சுண்டுகிறார். மைக் இல்லாமலே நெஞ்சில் இடிக்கிறது.

அதைவிடக் கேள். அவர்களுடைய ‘சோன்’ என்கிற நாட்டுப்புறப் பாட்டுகளில் ஆறு எண்ணிக்கை ஒரு சமயம் மும்மூன்றாகத் தகிட தகிட என்று போகும், திடீரென்று இரண்டிரண்டாகத் தக தக தக என்று திரும்பும். சில இடங்களில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று! பெரியவர் காலைக்கூடத் தட்டவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் எழுந்து கத்தியிருப்பாய்.

ஆனால் இவர்கள் பிழைப்பை நினைத்தால் மனசு ஆறவில்லை. கேட்ட பாட்டை, பாடுகிறவருக்கு ஏற்ற சுருதியில், நோட்டுப் பார்க்காமல் வாசிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பாட்டு மனப்பாடம். 2011இல் யுனெஸ்கோ மரியாச்சியைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2020இல் கொரோனா வந்து கல்யாணம், பிறந்தநாள் எல்லாம் நின்றபோது, பலருக்குக் கிடைத்த வேலை சாவுக்கு வாசிப்பதுதான். பெரியவர் கட்டைவிரல் காய்ப்பைத் தடவிக்கொண்டே இதைச் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வந்து பாட்டுக்கு எவ்வளவு என்று கேட்டது, அதிகம் என்று நகர்ந்துவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. கையிலிருந்ததைக் கொடுத்து இன்னும் இரண்டு சோன் வாசிக்கச் சொன்னேன்.

நவம்பர் 22 புனித செசிலியா நாள், இசைக்காரர்களின் திருநாள். அன்று சதுக்கத்தில் இவர்கள் கூடிவிடுவார்கள். லீவு இல்லை என்று இந்த முறையும் கதை விடாதே. டிக்கெட் போட்டதும் எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
ரவி