புரோஸ்ட்டின் கணக்கை முழுசாகச் சொல்லுங்கள்: தமிழ் ஃபார்முலா ஒன் எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் ஃபார்முலா ஒன் பற்றி எழுதும், பேசும், காணொளி போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். பிரேசில் ஓட்டுநர் அயர்டன் சென்னாவைப் பற்றி நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அலைன் புரோஸ்ட் வந்துவிடுகிறார். ஆனால் எப்போதும் ஒரே வேடம்தான்: அதிகாரிகளைக் கைக்குள் போட்டுக்கொண்டு ஜெயித்த பிரெஞ்சுக்காரர். 1980இல் அர்ஜென்டினாவில் மெக்லாரன் காரில் தொடங்கி 1993இல் வில்லியம்ஸில் முடித்தவர் அவர். 199 பந்தயங்கள், 51 வெற்றிகள், 4 உலகப் பட்டங்கள். 2001இல் மைக்கேல் ஷூமாக்கர் தாண்டும்வரை அந்த 51ஐ யாரும் தொடவில்லை. இதெல்லாம் எப்படி வந்தது என்பதையும் தமிழ் வாசகருக்குச் சொல்லுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் 1988. அந்த ஆண்டு புரோஸ்ட்டும் சென்னாவும் ஒரே மெக்லாரன் அணியில், எம்பி4/4 என்ற ஒரே வகைக் காரில் ஓட்டினார்கள். 16 பந்தயங்களில் 15ஐ மெக்லாரனே வென்றது. புரோஸ்ட்டுக்கு 7 வெற்றி, 7 இரண்டாமிடம். மீதி இரண்டில் பந்தயத்தை முடிக்கவில்லை. வெற்றிக்கு 9, இரண்டாமிடத்துக்கு 6 என்ற அன்றைய கணக்கில் 63ம் 42ம் சேர்ந்து 105. சென்னாவுக்கு 8 வெற்றி, 3 இரண்டாமிடம், ஒரு நான்காமிடம், ஓர் ஆறாமிடம்: மொத்தம் 94. பட்டம் சென்னாவுக்கு. காரணம், சிறந்த 11 முடிவுகள் மட்டுமே கணக்கில் வரும் என்ற விதி. புரோஸ்ட்டின் மூன்று இரண்டாமிடங்கள் அப்படியே உதிர்ந்து 87 ஆயின. சென்னாவிடம் கழிக்க நான்கு புள்ளிகள்தான் இருந்தன, 90 நின்றது. விதி இருவருக்கும் முன்பே தெரியும், ஆகவே சென்னாவின் பட்டம் நியாயமானதே. ஆனால் "சென்னா புரோஸ்ட்டை நொறுக்கினார்" என்று எழுதும்போது 105ஐயும் 94ஐயும் பக்கத்தில் போடாமல் விடுவது சரியில்லை. அந்த விதியே 1991இல் போய்விட்டது.

அடுத்து, 1984 மொனாக்கோ. மழையில் சென்னா நெருங்கி வந்துகொண்டிருந்தார், பந்தயத்தை நிறுத்திப் புரோஸ்ட்டைக் காப்பாற்றிவிட்டார்கள் என்பது நீங்கள் சொல்லும் கதை. புரோஸ்ட் நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார், உண்மைதான். அதனால் அவருக்கு என்ன கிடைத்தது? 77 சுற்றுகளில் 31தான் கணக்கில் வந்தது. முக்கால்வாசித் தூரம் ஓடாததால் பாதிப் புள்ளி, அதாவது 4.5. ஆண்டு இறுதியில் பட்டம் வென்ற நிக்கி லௌடாவுக்கு 72, புரோஸ்ட்டுக்கு 71.5. பந்தயம் முழுதும் நடந்து, சென்னா அவரைத் தாண்டி, புரோஸ்ட் இரண்டாவதாக வந்திருந்தால்கூட 6 புள்ளி கிடைத்திருக்கும், மொத்தம் 73 ஆகியிருக்கும். அந்த நிறுத்தத்தில் ஒரு பட்டத்தையே இழந்தவர் அவர்தான்.

இனி அவர் ஓட்டிய விதம். உங்கள் பதிவுகளில் காணவே காணாத பகுதி இது.

1984 முதல் 1993 வரை பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பத் தடை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கார்களுக்கு மேலும் ஒரு கட்டு: 1984, 85இல் 220 லிட்டர், 86, 87இல் 195, 88இல் 150. சுமார் 300 கிலோமீட்டரை அதற்குள் முடிக்க வேண்டும். 1986இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த கடைசிப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 82 சுற்று, 310 கிலோமீட்டர், 195 லிட்டர். சுற்றுக்கு 2.4 லிட்டர்கூட இல்லை. டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் வரும், டேங்க் முன்கூட்டியே காலியாகும். அழுத்தத்தைக் குறைப்பது, கியரைச் சீக்கிரம் மாற்றுவது, நேர்ப்பாதை முடிவதற்குக் கொஞ்சம் முன்பே காலை எடுப்பது என்று சேமிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நேரத்தில் விலை உண்டு. அந்த விலையை எந்தச் சுற்றில் கொடுப்பது என்பதில்தான் புரோஸ்ட் கெட்டிக்காரர்.

அன்று பட்டம் வெல்ல வில்லியம்ஸ் அணியின் நைஜல் மேன்செலுக்கு மூன்றாமிடம் போதும். 64ஆவது சுற்றில் அவருடைய பின்டயர் வெடித்தது. அணி பயந்து, இன்னோர் ஓட்டுநரான நெல்சன் பிக்கேயையும் டயர் மாற்ற உள்ளே அழைத்தது. புரோஸ்ட் முன்னால் போனார். அதிர்ஷ்டம் இல்லையா என்றால், உண்டு. ஏற்கெனவே அவருக்குப் பஞ்சர் ஆகி டயர் மாற்றியிருந்ததால்தான் கடைசிவரை தாங்கும் டயர் அவரிடம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் சிக்கலே. எரிபொருள் காட்டி, பந்தயம் முடியப் போதாது என்றது. அதே ஆண்டு ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் இதே போன்ற காட்டி போதும் என்று சொல்லி, கடைசிச் சுற்றில் கார் நின்று, இறங்கித் தள்ளியவர் அவர். இம்முறை காட்டி தவறு என்று முடிவெடுத்து, பிக்கே துரத்தத் துரத்த வேகத்தைக் குறைக்காமல் ஓட்டி, 4.2 விநாடி இடைவெளியில் முடித்தார். கோட்டைத் தாண்டிய கையோடு காரை நிறுத்திவிட்டார். அவருடைய இரண்டாவது பட்டம் அது.

டயர் விஷயமும் இதே மாதிரி. வளைவுக்கு மிக அருகில் போய் முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்தால் எடை சட்டென முன்சக்கரங்களில் விழும். டயரின் மேற்பரப்பு கொதித்துக் கொப்பளிக்கும், கார் நேராகவே போகப் பார்க்கும், ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்க வேண்டிவரும், டயர் இன்னும் தேயும். புரோஸ்ட் சற்று முன்பே மிதித்து, வளைவுக்குள் நுழையும்போது பாதத்தை மெல்ல விடுவார். ஸ்டீயரிங் ஒரே சீராக ஒருமுறை திரும்பும். கார் சீக்கிரம் நேராவதால் ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் திறக்கலாம். மிதித்தபின் தாமதமாகச் சக்தி தரும் டர்போ எஞ்சினுக்கு இது பெரிய லாபம். பார்ப்பவருக்கு மெதுவாகப் போவது போலத் தோன்றும். பந்தயத்தின் அதிவேகச் சுற்று 41 முறை அவர் பெயரில் இருப்பதைப் பார்த்தால் தெளியும்.

இந்தப் பாணிக்குக் குறையும் உண்டு. தொடக்க வரிசையை முடிவுசெய்யும் தகுதிச்சுற்றில், ஓரிரு சுற்றே தாங்கும் டயரில் மென்மைக்கு வேலையில்லை. சென்னாவுக்கு 65 முதலிடத் தொடக்கங்கள், இவருக்கு 33. அதிலும் 13 கடைசி ஆண்டான 1993இல் வந்தவை. தகுதிச்சுற்றைவிட, நிரம்பிய டேங்கோடு கார் எப்படி நடந்துகொள்ளும் என்பதில்தான் அவர் நேரத்தைச் செலவிட்டார். 1990 மெக்சிகோவில் ஃபெராரியில் 13ஆவது இடத்தில் தொடங்கி வென்றது அப்படித்தான். முன்னால் இருந்தவர்களின் டயர்கள் தளர்ந்தபோது அவருடையவை தளரவில்லை.

மழையை அவர் வெறுத்தார், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். 1988 சில்வர்ஸ்டனில் பாதியில் விலகினார், 1989 அடிலெய்டில் ஒரே சுற்றோடு விலகினார். கூடவே 1982 ஹாக்கன்ஹைமையும் எழுதுங்கள். மழைப் பயிற்சியில், தெறிக்கும் நீர்த்திரையில் எதுவும் தெரியாமல் டிடியே பிரோனி வந்து மோதியது புரோஸ்ட்டின் காரின் பின்புறத்தில்தான். கால்கள் நொறுங்கிய பிரோனி அதன்பின் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டவே இல்லை.

1989இல் ஜப்பானின் சுசூகாவில் சென்னாவோடு மோதியபோது புரோஸ்ட் வழக்கத்தைவிட முன்னதாகவே திரும்பினார் என்று மேலிருந்து எடுத்த படம் காட்டுகிறது. நாங்கள் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மோதலுக்குப் பின்னும் ஓட்டி முதலில் வந்த சென்னாவைத் தகுதிநீக்கம் செய்ததுதான் அவருடைய பட்டத்தைப் பறித்தது என்பது கணக்குக்கு ஒத்துவராது. அந்த வெற்றி நின்றிருந்தாலும் சென்னாவுக்கு 69, புரோஸ்ட்டுக்கு 76. கடைசிப் பந்தயமான அடிலெய்டிலும் சென்னா வென்றாக வேண்டும். அங்கே அவர் மழையில் மார்ட்டின் பிரண்டலின் கார்மீது மோதி வெளியேறினார். அடுத்த ஆண்டு அதே சுசூகாவில், முதல் வளைவிலேயே புரோஸ்ட் மீது மோதிய சென்னா, அது வேண்டுமென்றே செய்தது என்று 1991இல் தாமே ஒப்புக்கொண்டார்.

ஆகவே நாங்கள் கேட்பது சிறிய காரியம். அடுத்த முறை 1988ஐச் சொல்லும்போது மொத்தப் புள்ளி, கணக்கில் வந்த புள்ளி என்று இரண்டு நெடுவரிசையாகத் திரையில் போடுங்கள், பத்து விநாடி போதும். மொனாக்கோவைச் சொன்னால் 71.5ஐச் சொல்லுங்கள். அடிலெய்டைச் சொன்னால் 195 லிட்டரைச் சொல்லுங்கள். பந்தய வாரியான புள்ளிக் கணக்கு வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள், தயாராக வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
தமிழில் மோட்டார் பந்தயம் வாசிக்கும் சிலர்