அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கு நன்றி

அன்பான உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

ஓகஸ்டில் எனக்கு நடந்த கிளைடர் விபத்தில் உதவிய ஊர்மக்களுக்கு, அவர்களுடைய ஊர்ப் பத்திரிகையிலேயே ஜேர்மன் மொழியில் நன்றி சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்தைத் தாங்கியவர்களில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதால் இந்த மடல். இன்னொரு காரணமும் உண்டு. "விமானம் விழுந்து தமிழர் படுகாயம்" என்று வட்சப்பில் ஒரு செய்தி சுற்றி, பருத்தித்துறையில் இருக்கும் அம்மா வரைக்கும் போய்விட்டது. விமானம் விழவில்லை, இறங்கியது.

கிளைடருக்கு இயந்திரம் இல்லை. வெயிலில் சூடாகி மேலெழும் காற்றோடு ஏறி, அந்த உயரத்தைச் செலவழித்துத்தான் தூரம் போகிறோம். நான் ஓட்டிய எல்எஸ்4 ரகக் கிளைடர், அமைதியான காற்றில் 1000 மீற்றர் உயரத்தில் இருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர் போகும். மேலெழும் காற்று ஓய்ந்துவிட்டால் நல்ல வயலாகப் பார்த்து இறங்கவேண்டியதுதான். இந்த விளையாட்டில் அது வழமையான விசயம். அன்று தென் ஜேர்மனியின் சுவேபிஷ அல்ப் மலைமேட்டில் பின்னேரம் உயரத்து முகில் வெயிலை மூடிவிட்டது. கீழே பார்லி அறுத்த வயல் ஒன்று. நீளமும் காற்றுத் திசையும் சரியாக இருந்தன. சில்லு நிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, மாடுகளுக்காகக் கட்டியிருந்த ஒற்றை மின்கம்பி இடது செட்டையைப் பிடித்து இழுத்தது. மேலே இருந்து பார்த்தால் அந்தக் கம்பி எவர் கண்ணுக்கும் தெரியாது. கிளைடர் சுழன்று, ஒருதரம் எழும்பி விழுந்தது. வால் முறிந்தது. என் முதலாவது இடுப்பு முள்ளெலும்பும் முறிந்தது.

முதலில் ஓடிவந்தவர் அந்த வயல்காரரின் மகன், இருபது வயதுப் பெடியன். எனக்கோ பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் போல இருந்தது. அவன் பின்பக்கமாக முழந்தாளிட்டு, என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அசையாதீங்கோ, நான் விடமாட்டேன்" என்றான். தூக்கலாமா என்று கேட்டு வந்தவர்களையும் தடுத்துவிட்டான். உதவி என்றால் ஓடிவந்து தூக்குவது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். என் கால்கள் இன்று நடப்பதற்கு, அன்று யாரும் என்னைத் தூக்காததும் ஒரு காரணம் என்று சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் சொன்னார். ஜேர்மனியில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுப்பவர்கள் எல்லோரும் முதலுதவி வகுப்புக்குப் போகவேண்டும். முத்திரைக்காகப் போய்க் குந்தியிருந்துவிட்டு வருகிற வகுப்பு என்று நானும் பகிடி பண்ணியிருக்கிறேன். தம்பி, நீ கவனித்துப் படித்திருக்கிறாய். நன்றி.

தகப்பன் வந்ததும் முதலில் கேட்டது மன்னிப்பு. தன் கம்பிதானே என்று கலங்கிப்போனார். ஐயா, அது உங்கள் காணி, உங்கள் மாடு, உங்கள் வேலி. கேட்காமல் வந்து இறங்கியவன் நான். வயல் சேதத்துக்குக் காப்புறுதி பணம் கொடுக்கும். வேலிக்கு மட்டும் ஒரு சதமும் வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார்.

தீயணைப்புப் படையினருக்கும் நன்றி. எல்லோரும் தொண்டர்கள், வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள். ஒருவரின் சேட்டில் பேக்கரி மா அப்படியே இருந்தது. ஹெலி இறங்குவதற்கு முன், அதன் காற்றில் உடைந்த துண்டுகள் பறக்காமல் எல்லாவற்றையும் ஒதுக்கினார்கள். நான் முதுகில் கட்டியிருந்த பரசூட் தவறி விரிந்துவிடாமல் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். அதை யோசித்துப் பார்த்த அந்த மனிதரின் பெயரை நான் கேட்கவில்லை.

ஹெலியில் வந்த வைத்தியருக்கும் குழுவினருக்கும் நன்றி. "ஹெலியில ஏத்தினவையாம்" என்று கேட்டதும் அம்மா அழத் தொடங்கிவிட்டாராம். ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய தலைமுறை அது. ஹெலி ஆளைக் காப்பாற்றவும் வரும் என்று அவருக்கு விளங்கவைக்க, ஸ்ருட்காட்டில் இருக்கும் எங்கள் அக்கா ஒருவருக்கு ஒரு முழு இரவு எடுத்தது. அந்த இரவுக்கு நன்றி, அக்கா.

எங்கள் கிளைடர் கழகத் தோழர்கள் ட்ரெயிலரோடு வந்து, பொலிஸ் அனுமதி தரும்வரை காத்திருந்து, கிளைடரைக் கழற்றி ஏற்றினார்கள். பிறகு இருட்டும்வரை குனிந்து நின்று கண்ணாடியிழைச் சிராய்களைப் பொறுக்கினார்கள். வைக்கோலோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள் போனால் ஆபத்து அல்லவா.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர்கள், மனைவியை வைத்தியசாலைக்கு ஏற்றி இறக்கியவர்கள், வைத்தியசாலைப் பாணைக் கண்டு நான் சலித்திருந்தபோது சொதியும் இடியப்பமும் கொண்டுவந்தவர்கள், உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. ஒரு வேண்டுகோள்: சாப்பாடு வந்த சட்டிகளும் டப்பாக்களும் எங்கள் குசினியில் குவிந்துபோய்க் கிடக்கின்றன. எது யாருடையது என்று மனைவிக்குத் தெரியவில்லை. இப்போது நான் கதிரையில் இருந்து கதைக்கக்கூடிய நிலைமையில் இருக்கிறேன். ஒருநாள் பின்னேரம் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, உங்களுடையதைப் பார்த்து எடுத்துக்கொண்டு போங்கோ.