இளம் சட்டத்தரணிகள் வாசிப்பு வட்டம், மட்டக்களப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

அன்பான உறுப்பினர்களே, கூட்டங்கள் மாதாமாதம் நடந்தன, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேரே இந்த வருடம் நம்மை அதிகம் பேசவைத்த விஷயத்துக்கு வருகிறேன். தீர்ப்புத் தேடும் சேவைக்குச் சந்தா கட்டுவதா, இலவசமே போதுமா?

இலவசத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பொதுநலவாய நாடுகளின் சட்டங்களை இலவசமாகத் தரும் கொமன்லீ (CommonLII) தளத்தில் பழைய என்.எல்.ஆர். (New Law Reports என்ற நம் நாட்டுத் தீர்ப்புத் தொகுப்பு) தீர்ப்புகள் கிடக்கின்றன, உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் புதியவற்றைத் தங்கள் தளங்களிலேயே போடுகின்றன, சட்டங்களை அரசாங்க அச்சகத் தளத்தில் தமிழிலும் எடுக்கலாம். ஒரு தீர்ப்பின் பிரதிக்காகக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் நம்முடைய ஜூனியர் ஒருவருக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். அண்ணன் பல வருடம் தனியே ஆண்ட காணியில் தங்கை பங்கு கேட்ட வழக்கு. தங்கைக்காக இவர் 1911ஆம் ஆண்டின் கொரேயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி தீர்ப்பை எடுத்துப் போனார்: காணியின் கூட்டு உரிமையாளர் ஒருவரின் ஆட்சி எல்லோருடைய ஆட்சியும்தான், மற்றவரை வெளியேற்றியதாகக் காட்டாமல் அவருக்குத் தனி உரிமை வராது. எதிர்த்தரப்பு 1918இன் திலகரத்ன எதிர் பஸ்தியன் தீர்ப்பை நீட்டியது. நீண்டகாலத் தனி ஆட்சியும் விசேட சூழ்நிலைகளும் இருந்தால் அந்த வெளியேற்றத்தை ஊகிக்கலாம் என்கிறது அது. இரண்டும் அதே இலவசத் தளத்தில்தான் இருக்கின்றன, ஆனால் முதலாவதைத் திறந்தவருக்கு இரண்டாவதை யாரும் காட்டவில்லை. பிள்ளை அன்று முழுக்கப் பேசவில்லை.

பணம் கட்டுவது இதற்காகத்தான். லெக்சிஸ், வெஸ்ட்லோ போன்ற சந்தாச் சேவைகள் ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்தவை பின்பற்றினவா, மறுத்தனவா என்று ஆள் வைத்து வாசித்துக் குறிக்கின்றன. இலவசமான லோசைட் (LawCite) தளமும் ஒரு தீர்ப்பை எடுத்துப் பேசிய மற்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தருகிறது, ஆனால் அது கணினி சேர்த்தது, அப்புறம் ஒவ்வொன்றையும் நாமே திறந்து வாசிக்க வேண்டும். இங்கிலாந்துத் தீர்ப்புகளில் பெரிய சேவைகள் பலமானவை, நமக்கு வருவதோ பெரும்பாலும் நம் நாட்டுக் காணி வழக்கும் தாபரிப்பு (மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புப் பண) வழக்கும்.

ஒருவர் சந்தா எடுத்துக் கடவுச்சொல்லை எல்லோரும் பகிரலாம் என்ற யோசனையை நான் எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். ஒப்பந்தத்தை மீறிவிட்டு நாம் எந்த முகத்தோடு ஒப்பந்த வழக்குப் பேசுவது? நமது சட்டத்துக்கான குழுச் சந்தாவின் விலையைப் புதிய செயற்குழு எழுத்தில் கேட்டு வாங்கட்டும். அதுவரை சனிக்கிழமைக் கொப்பி தொடரும்: வாசித்த தீர்ப்பு, அதைப் பின்னர் எடுத்துப் பேசிய தீர்ப்புகள், ஒரு வரிக் குறிப்பு. காணி வழக்குகளில் தொடங்கியிருக்கிறோம், தாபரிப்புப் பக்கம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது, அதை எடுத்துச் செய்ய இரண்டு பேர் இன்றே பெயர் தாருங்கள்.