பட்டறைக்காரனுக்கு ஒரு பதில்

ஏற்காடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வம்,

நான் பதில் போடவில்லை என்று நம் கூட்டாளி மீசையிடம் நீ புலம்பியது காதுக்கு வந்துவிட்டது. ஏறிவந்து நேரிலேயே திட்டியிருக்கலாமே! இருபது கொண்டை ஊசி வளைவு, கையில் எலுமிச்சம்பழம்... சரி, அந்தக் கதையை விடு. இங்கே எல்லாரும் சௌக்கியம். தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? மல்கோவா வந்ததும் ஒரு பெட்டி எடுத்து வை, காசு தருகிறேன் (சொல்லித்தான் வைக்கிறேன்).

இனி சண்டைக்கு வருகிறேன். சட் என்கிற சூரிய பூஜைப் பண்டிகைக்கு உன் பட்டறையிலிருந்து ஊருக்குப் போன பீகார் பையன்கள் சொன்ன தேதிக்குத் திரும்பவில்லையாம். உடனே, "அந்த ஊரே அப்படித்தான், சோம்பேறிப் பயலுக, அதான் உருப்படல" என்று எழுதிவிட்டாய். அந்தச் சோம்பேறிதானே உன் வெல்டிங் மேடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான்? ஆள் அதே ஆள், கையும் அதே கை. அங்கே இருந்தால் அரை வயிறு, இங்கே வந்தால் உனக்கு லாபம். அப்படியென்றால் குறை ஆளிடம் இல்லை, ஊருக்கு நடந்ததில் இருக்கிறது.

என்ன நடந்தது என்பதை உன் பட்டறையிலிருந்தே சொல்கிறேன். உன் அப்பா கொட்டகை போட்ட காலத்தில், அன்றைக்குப் பீகாரில் இருந்த ஜாம்ஷெட்பூரின் இரும்புத் தகடு சேலத்துக்கு வந்து இறங்கும்போது என்ன விலை? பாட்னாவில் என்ன விலையோ அதே விலை. ரயில் கூலியை நாடு முழுக்கச் சமமாகப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சரக்குக் கட்டணச் சமன்பாடு என்று அதற்குப் பெயர். 1952-ல் வந்தது, 1993 வரைக்கும் இருந்தது. இரும்பு, சிமெண்ட் போன்றவை எங்கே கிடைத்தாலும் ஒரே விலை என்றால், பீகார்ச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் எவன் தொழிற்சாலை கட்டுவான்? துறைமுகமும் சந்தையும் தொழில் தெரிந்த ஆளும் இருக்கிற இடத்தில்தான் கட்டுவான். பம்பாயில் கட்டினான், கோயம்புத்தூரில் கட்டினான், உன் அப்பா செவ்வாய்ப்பேட்டைக்குப் பின்னால் கட்டினார். சரி, பருத்திக்கும் இதே சலுகை உண்டா என்றால் கிடையாது! பீகாரில் நூற்பாலை வைப்பவன் குஜராத் பஞ்சுக்கு முழு வண்டிக்கூலியும் கொடுக்க வேண்டியிருந்தது. அவனிடம் இருந்த சாதகத்தை எல்லாருக்கும் பங்கு போட்டார்கள், நம்மிடம் இருந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள்.

1993-க்கு அப்புறம் ஏன் நிமிரவில்லை என்று கேட்பாய். நாற்பது வருஷத்தில் ஒரு ஊரில் தொழில் ஊன்றிவிட்டால், லேத் ஓட்டுகிறவன், அச்சு வெட்டுகிறவன், கடனுக்குச் சரக்குப் போடுகிறவன் எல்லாரும் அங்கேயே குடியேறிவிடுகிறார்கள். சட்டத்தை எடுத்துவிட்டால் அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு பாட்னாவுக்குப் போவார்களா? போதாக்குறைக்கு 2000-ல் மாநிலத்தைப் பிரித்ததில் சுரங்கத்தில் பெரும்பங்கு ஜார்க்கண்டுக்குப் போனது. பீகாருக்கு மிஞ்சியது கோசி ஆற்று வெள்ளமும் ஜமீன் நிலமும்தான்.

அந்த ஜமீன் விஷயமும் லேசுப்பட்டதில்லை. 1793-ல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வங்காளம், பீகார் பக்கம் நிலவரி இவ்வளவுதான் என்று ஜமீன்தாரோடு நிரந்தரமாகப் பேசி முடித்துவிட்டான். கிட்டத்தட்ட அதே சமயம், திப்புவிடமிருந்து 1792-ல் கைமாறிய பாராமகாலிலும் (கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம்) நம் சேலத்திலும் கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் குடியானவன் வயலை நேரடியாக அளந்துகொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் இங்கேயும் நிலத்தை மிட்டா என்கிற சின்ன ஜமீன்களாகக் கூறுபோட்டு விற்றார்கள், அது வேறு கதை. ஜமீன் முறை இருந்த மாவட்டங்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் விளைச்சலிலும் பள்ளிக்கூடங்களிலும் பின்தங்கியே இருந்தன என்று பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005-ல் கணக்குப் போட்டே காட்டினார்கள்.

பீகாரை விடு, நம் சேலத்துப் பக்கத்து மலைக்கு வா. கல்வராயன் மலையில் பரம்பரையாக ஆண்ட மூன்று ஜாகிர்தார்கள் கையிலிருந்து நிர்வாகம் அரசுக்கு வந்தது எப்போது தெரியுமா? 1976-ல்! நாம் இங்கே எமர்ஜென்சி பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தபோது கருமந்துறைக்கு மேலே அப்போதுதான் ஜாகிர் ஒழிந்தது. பட்டா, பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாமே அதற்குப் பிறகு தொடங்கிய கணக்கு.

சரி, இப்போதாவது சாலை போடலாமே என்கிறாயா? பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளிக் குடியிருப்புக்கு 500 பேர் வேண்டும். மலை மாநிலங்கள், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகள் போன்றவற்றுக்கு 250 போதும். தமிழ்நாடு மலை மாநிலம் இல்லை, ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இங்கே கிடையாது. அதனால் மலை உச்சியில் இருக்கிற 40 வீட்டை ஓமலூர் சமவெளிக்குச் சமமாக வைத்து அளப்பார்கள். மலையில் 1.5 கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் இருக்கிற குடியிருப்புகளைச் சேர்த்து ஒன்றாக எண்ணலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அதைத் தெரிந்த எழுத்தர் இருந்தால் ஊருக்கு அதிர்ஷ்டம்.

அடுத்தது ஏற்றம். மலைச்சாலைக்கு 20 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏறலாம் என்று வைத்துக்கொள். ஊர் 400 மீட்டர் மேலே இருந்தால் 8 கிலோமீட்டர் சாலை வேண்டும். ஒற்றையடிப் பாதையில் ஏறினால் 2 கிலோமீட்டர்தான். எட்டு கிலோமீட்டர் செலவை 40 வீட்டால் வகுத்துப் பார்க்கிற அதிகாரி, பேனாவை மூடி வைத்துவிடுவார்.

காடு குறுக்கே வந்தால் வேலை நின்றுபோகும் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி பொய். 2006 வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் போன்றவற்றுக்கு எடுக்கிற காடு ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் இருந்தால், கிராமசபை பரிந்துரையோடு மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடித்துவிடலாம். நடப்பது என்ன? கிராமசபைத் தீர்மானத்தில் சர்வே எண் விட்டுப்போகும், மரக்கணக்கு இணைத்திருக்காது, கோப்பு திரும்பி வரும். அதற்குள் அதிகாரி மாறிவிடுவார்.

அப்படியும் தப்பிப் பிழைத்துச் சாலை வந்தால், மலைப்பக்க ஓரக் கால்வாயை மிச்சம் பிடித்துவிடுவார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தார் மேலேயே ஓடி வெளி ஓரத்தை அரித்துவிடும். தடுப்புச்சுவரில் தண்ணீர் கசிய ஓட்டை விடாமல் கட்டினால் சுவர் வயிறு தள்ளி விழும்.

இது ஏன் வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை என்றால், குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) பார். சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலைக்கு மெஷின் செய்கிறவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிடுங்கிய கிழங்கு ஓரிரண்டு நாளில் அரவைக்குப் போகாவிட்டால் உள்ளே நீல நரம்பு ஓடும், மாவுச்சத்து குறையும், அதை அளக்கிற பாயிண்டும் குறையும். ஆலை பாயிண்டுக்குத்தான் காசு தரும். தலைச்சுமையாகச் சாலைக்கு இறக்கியவன், "இந்த விலைக்கு வேண்டாம்" என்று மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஏறுவானா? வியாபாரிக்கு அது தெரியும். பட்டா தெளிவாக இல்லாததால் பயிர்க்கடன் இல்லை. முன்பணம் கொடுத்ததும் அதே வியாபாரிதான். அப்புறம் எடை, பாயிண்ட், விலை மூன்றையும் அவரே சொல்வார். நீயாக இருந்தால் எவ்வளவு உழைப்பாய்?

சராசரிக் கணக்கைக் காட்டி என்னை மடக்காதே. தருமபுரியும் ஓசூரும் 2004 வரை ஒரே மாவட்டம். அப்போது ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சேர்த்துச் சராசரி போட்டால், பென்னாகரத்து ஏழையும் பணக்காரன்தான். மேட்டூரைப் பார், அணை 1934-லிருந்து இருக்கிறது, தண்ணீர் பெரும்பாலும் தஞ்சாவூர்ப் பக்கம் போகிறது. இங்கே நூறு வறண்ட ஏரிக்கு உபரிநீர் ஏற்றும் திட்டத்தை 2021-ல்தான் தொடங்கிவைத்தார்கள்.

இதையெல்லாம் எழுதியது உன்னைத் திட்ட மட்டும் இல்லை. ஒரு வேலை இருக்கிறது. சாலை வரும்வரை கிழங்கை மேலேயே சீவிக் காயவைத்துவிட்டால், மூன்று மூட்டை சுமந்த இடத்தில் ஏறக்குறைய ஒரு மூட்டை சுமந்தால் போதும். அவசரமும் இல்லை, மாதக்கணக்கில் வைத்து விலை பார்க்கலாம். கையால் சுற்றுகிற சீவு மெஷின் வேண்டும். ஒரு தட்டு, அதில் துருப்பிடிக்காத கத்தி மூன்று அல்லது நான்கு. கத்தியைக் கழற்றித் தீட்ட வசதி இருக்க வேண்டும். வில்லை 5 மில்லிமீட்டர் கனத்தில் விழட்டும். தடித்தால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும், மெலிந்தால் சாக்கில் நொறுங்கும். மொத்த எடை இரண்டு பேர் கம்பில் கட்டித் தூக்குகிற அளவு. இல்லையென்றால் இரண்டு பாகமாகப் பிரிய வேண்டும். போல்ட் எல்லாம் ஒரே அளவு, ஒரே ஸ்பேனர் போதும் என்கிற மாதிரி பண்ணு.

தை மாசத்து வெயிலுக்குள் ஒன்று தயாரானால் நல்லது. அந்தப் பீகார் பையன்களில் கை சுத்தமானவன் ஒருவனிடம் கொடு, அவனுக்குக் கூடுதல் நேரக் கூலியும் சேர்த்தே விலை சொல். சிநேகிதன் விலை வேண்டாம். மீசைக்குப் போட்டுக் கொடுத்த கேட் இன்னும் மூட மாட்டேன் என்கிறதாம்.

அன்புடன்,
ராஜு