சேவியருக்கு, தூத்துக்குடியிலிருந்து

அன்புள்ள சேவியர்,

உனக்குப் பதில் எழுதாமலே பொங்கல் போய் ஈஸ்டரும் வந்துவிட்டது. கோபமாகத்தான் இருப்பாய், இரு. வீட்டில் எல்லோரும் சுகம். ரோஸிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கோழிக்கடைக்காரன் இன்னும் உன்னை விசாரிக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகன் ஜெரால்டு போன வாரம் வீடு வந்து சேர்ந்தான். அவன் இருந்த கப்பலை முதலாளி வளைகுடாவில் நங்கூரத்தோடு அப்படியே கைவிட்டுவிட்டான். மாதக்கணக்கில் சம்பளம் கிடையாது. டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரை ராத்திரி ஒரு மணி நேரம்தான் ஓட்டுவார்களாம். போன் சார்ஜ் அதற்குள் முடிய வேண்டும். சரக்குக்கு அடியில் போடும் கட்டையை உடைத்து டெக்கிலேயே அடுப்பு மூட்டிக் கஞ்சி, தூண்டிலில் மீன் மாட்டினால் குழம்பு. பையன் பாதியாக இளைத்திருக்கிறான். கொடி பனாமா, முதலாளி ஏதென்ஸ், மேனேஜர் துபாய், ஆள் எடுத்தது மும்பை. யார் சட்டையைப் பிடிப்பது, சொல்.

அவனை ஊருக்குக் கொண்டுவந்தது யூனியன்தான். 'சந்தா பிடிக்கத்தான் யூனியன்' என்று நீ கப்பலின் மெஸ் ரூமில் மேசையைத் தட்டிப் பேசியது எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு உன் பேச்சில் நியாயமும் இருந்தது. ஆனால் இதைக் கேள். மெஸ் ரூம் சுவரில் ஒட்டியிருந்த இன்சூரன்ஸ் சான்றிதழை ஜெரால்டு போனில் படம் பிடித்து ஐ.டி.எஃப். என்கிற உலகப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். அந்த ஒரு தாளை வைத்துத்தான் எல்லாம் நகர்ந்தது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தாலே ஆளைக் கைவிட்டதாகக் கணக்கு. நாலு மாதச் சம்பளம் வரைக்கும், ஊர் திரும்பும் செலவும் இன்சூரன்ஸ்காரன் தலையில். 2017 ஜனவரியிலிருந்து இதுதான் சட்டம். யூனியன்காரர்கள் ஜெனீவாவில் கப்பல் முதலாளிகளோடும் அரசாங்கங்களோடும் உட்கார்ந்து பேசி வாங்கியது. நம் காலத்தில் இது ஏது? நாலு மாதத்துக்கு மேல் இருந்த பாக்கி போனது போனதுதான், அதை நினைத்தால் வயிறு எரிகிறது. 2024-இல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பேரை இப்படி விட்டிருக்கிறார்கள் என்பது ஐ.டி.எஃப். கணக்கு. அதில் நம் நாட்டு ஆட்கள்தான் அதிகம்.

ஒரு நாட்டில் ஸ்ட்ரைக் என்றால் முதலாளி கொடியை மாற்றிக்கொண்டு போய்விடுவான். அதனால் 1948-லேயே ஐ.டி.எஃப்.காரர்கள் வசதிக்கொடிகளை, அதாவது முதலாளி தன் நாட்டை விட்டு வேறு நாட்டில் பதிந்து வாங்கும் கொடிகளை, ஒழிக்கக் கிளம்பினார்கள். ஒழியவில்லை, இன்று உலகக் கப்பல்களின் கொள்ளளவில் கிட்டத்தட்டப் பாதி பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் கொடியில்தான் ஓடுகிறது. ஆனால் எந்தக் கொடி பறந்தாலும் கப்பலை ஏதோ ஒரு துறைமுகத்து பெர்த்தில் கட்டித்தானே ஆக வேண்டும்? அங்கே சரக்கு இறக்குகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் முதலாளி இறங்கி வருவான். அந்தப் பிடியை வைத்துத்தான் கப்பல் கப்பலாக ஒப்பந்தம் வாங்கினார்கள். 2003-லிருந்து முதலாளிகள் கூட்டமைப்போடு உலக அளவிலேயே பேரம் நடக்கிறது. முதலாளிக்கு ஊர் இல்லை என்றானபின், யூனியன் மட்டும் ஒரே ஊரில் உட்கார்ந்திருந்தால் எப்படி?

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. 2022 மார்ச் 17-ஆம் தேதி பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் என்கிற பிரிட்டன் கப்பல் கம்பெனி 786 பேரை முன்னறிவிப்பில்லாமல் வேலையை விட்டு அனுப்பியதே, அவர்கள் இடத்தில் ஏஜென்சி மூலம் ஏற்றியவர்களில் நம் நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். சராசரியாக மணிக்கு 5.50 பவுண்டு என்று அந்தக் கம்பெனித் தலைவரே நாடாளுமன்றக் குழு முன்னால் சொன்னார். யூனியனைக் கலந்து பேச வேண்டிய கடமை இருந்தும் பேசவில்லை என்றும் ஒத்துக்கொண்டார். வெள்ளைக்காரன் கப்பலில் நம்மாட்கள் 'லஸ்கர்' என்று மாலுமி வேலை பார்த்த காலத்திலும் இதே கதைதான்: வெள்ளைக்கார மாலுமி வாங்குவதில் ஒரு பங்கைக் கொடுத்து நம்மாளை ஏற்றுவார்கள், அந்த வெள்ளைக்கார மாலுமி நம்மைப் பகையாளியாகப் பார்ப்பான். இந்த ஒரு முடிச்சை அவிழ்க்காமல் எந்த யூனியனும் தேறாது, சேவியர். பிரிட்டனில் 2023-இல் சட்டம் கொண்டுவந்தார்கள்; வருஷத்துக்கு 120 தடவையாவது அவர்கள் துறைமுகத்துக்கு வந்துபோகும் சர்வீஸ் என்றால், பிரிட்டன் கடல் எல்லைக்குள் இருக்கும் நேரத்துக்கு அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலிக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும், மாலுமி எந்த நாட்டுக்காரனானாலும் சரி. ஆளை விரட்டாமல் சம்பளத்தை உயர்த்துகிற வழி அது. நம்மவர்கள் பிடிக்க வேண்டியது அதைத்தான்.

இவ்வளவும் எழுதியது உன் அந்தோணிக்காக. ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறான் என்று எழுதியிருந்தாயே, ஒரு பைசா கொடுக்காதே. வேலைக்கென்று மாலுமியிடம் காசு வாங்குவதே சட்டவிரோதம். அவனிடம் மத்திய அரசின் கப்பல் துறையான டி.ஜி. ஷிப்பிங் கொடுத்த லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் பார். கப்பலின் அடையாள எண்ணான ஐ.எம்.ஓ. எண்ணைக் கேட்டு வாங்கு, ஐ.டி.எஃப். தளத்தில் போட்டால் ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். கான்ட்ராக்ட் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடுமுன் எனக்கு ஒரு படம் அனுப்பச் சொல். ஜெரால்டோடும் பேசட்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவன் வீட்டில்தான் இருப்பான்.

உன்,
செல்வம்