ரேம் சிறியது, ஃபிளாஷ் பெரியது

நாமக்கல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கட்டம் போட்ட தாள்களில் நீ வரைந்து அனுப்பிய எழுத்துகளும் வந்து சேர்ந்தன. ஓய்வு பெற்றதும் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றாய். இப்போது ஊர்க் கோயிலுக்கு ஓடும் எழுத்துப் பலகை செய்துகொண்டிருக்கிறாய். தென்னைக்கு உன்னைவிட நல்ல ஆள் கிடைப்பான், பலகையை விடாதே. இங்கே அனைவரும் நலம். மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அதனால் வீட்டில் என் பேச்சு எடுபடுவதில்லை.

பலகை நடுவிலேயே அணைந்து மறுபடி தொடங்குகிறது, சில சமயம் எழுத்துக்குப் பதில் குப்பை ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். பவர் சப்ளையை மாற்றியும் தீரவில்லை என்றாய். அதன்மேல் பழி போடாதே. நீ வரைந்தவை ஐம்பது எழுத்துகள். ஒவ்வொன்றும் 16க்கு 16 புள்ளி, அதாவது 32 பைட். ஆக 1600 பைட் ஆயிற்று. உன் ஆர்டுயினோ போர்டில் உள்ள ஏடிமெகா 328பி சிப்பின் மொத்த ரேமே, அதாவது நிரல் ஓடும்போது தரவை வைக்கும் இடமே, 2048 பைட்தான். மிச்சத்தில் மற்ற மாறிகளும் இருக்க வேண்டும், ஃபங்ஷன் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டிய முகவரியை வைத்துக்கொண்டு மேல் முனையிலிருந்து கீழ்நோக்கி வளரும் ஸ்டாக்கும் இருக்க வேண்டும். ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொன்று என்று ஆழமாகப் போகும்போது ஸ்டாக் மாறிகளின்மேல் ஏறிவிடுகிறது. எழுத்தின் புள்ளிகள் கெட்டால் குப்பை தெரியும். திரும்பிப் போக வேண்டிய முகவரி கெட்டால் நிரல் எங்கோ போய் விழும். நீ எழுதிய நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைல் முடிந்ததும், நினைவகம் குறைவு என்று ஓர் எச்சரிக்கை வந்திருக்கும். ரேமில் முக்கால் பங்கு நிரம்பினாலே அது வரும். நீ எச்சரிக்கைகளைப் படிக்கிற ஆள் இல்லை என்பது கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்குத் தெரியும்.

"எழுத்துகளின் புள்ளி அட்டவணைக்கு முன்னால் கான்ஸ்ட் போட்டிருக்கிறேனே, அப்புறம் ஏன் ரேமுக்கு வர வேண்டும்?" என்று கேட்கிறாய். நியாயமான கேள்வி. ஆனால் கான்ஸ்ட் என்பது 'இதை மாற்ற மாட்டேன்' என்று கம்பைலருக்கு நீ கொடுக்கும் வாக்கு மட்டும்தான். எங்கே வைப்பது என்பதை அது சொல்வதில்லை. இந்தச் சிப்பில், மின்சாரம் போனாலும் அழியாத, நிரலுக்கான ஃபிளாஷ் தனி, தரவுக்கான ரேம் தனி. இரண்டிலும் முகவரி பூஜ்யத்திலிருந்தே தொடங்குகிறது. வடக்கு ரத வீதியிலும் 12ஆம் எண் வீடு உண்டு, தெற்கு ரத வீதியிலும் உண்டு. வீதியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் தபால்காரர் என்ன செய்வார்? சாதாரணமாகப் படிக்கும் கட்டளைக்கு ரேம் என்ற வீதி மட்டுமே தெரியும். அதனால் கம்பைலர் உன் அட்டவணையை ஃபிளாஷில் வைத்து, மின்சாரம் வந்தவுடன் முழுவதையும் ரேமுக்கு நகலெடுத்துவிடுகிறது. ஒரே அட்டவணை இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

லேபில் நாம் பயன்படுத்திய 8051 சிப் கிட்டை நினைத்துப் பார். ஏழு கோடுகளால் எண் காட்டும் செவன் செக்மென்ட்டுக்காக மூன்று எஃப், சைபர் ஆறு, ஐந்து பி, நான்கு எஃப் என்று வாய்ப்பாடு போல ஒப்பித்தோமே, அந்த வரிசையை எடுக்க மூவ் போட மாட்டோம், மூவ்சி போடுவோம். நிரல் நினைவகத்திலிருந்து படிப்பதற்கென்றே இருந்த கட்டளை அது. சிப்பின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்பிளியில் எழுதியதால் எந்த நினைவகம் என்பதை நாமே சொல்லியாக வேண்டியிருந்தது. சி மொழி வந்ததும் அந்தக் கவலை மறைந்துவிட்டது, சிக்கல் மறையவில்லை. பிஐசி 16எஃப்84 சிப்பில் கூத்து இன்னும் பெரிது. அட்டவணையின் ஒவ்வொரு மதிப்பும் 'இந்த எண்ணோடு திரும்பிப் போ' என்கிற ஒரு கட்டளையாகவே எழுதப்படும், தேவையான வரிசைக்கு நிரலே தாவிப் போக வேண்டும்.

உன் சிப்பில் ஃபிளாஷிலிருந்து படிக்க எல்பிஎம் என்ற கட்டளை இருக்கிறது. அசெம்பிளிக்குப் போக வேண்டாம். அட்டவணையை அறிவிக்கும் இடத்தில் ப்ராக்மெம் என்று சேர். படிக்கும் இடத்தில் நேரடியாக எடுக்காமல் பிஜிஎம்-ரீட்-பைட் வழியாக எடு. இரண்டையும் செய்ய வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால் கம்பைலர் வாயே திறக்காது. ஃபிளாஷ் முகவரியை எடுத்துக்கொண்டு ரேமில் அதே எண்ணில் கிடக்கும் எதையோ படித்துத் தரும், மறுபடியும் குப்பைதான் ஓடும். வேகத்தைப் பற்றிப் பயப்படாதே. ரேமிலிருந்து படிக்கச் சிப்பின் கடிகாரத்தில் இரண்டு சுழற்சி, இதற்கு மூன்று. 16 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கூடுதல் சுழற்சி 62.5 நானோ விநாடிதான்.

செய்திகளையும் இப்படி வைப்பதானால் ஒன்றைக் கவனி. வாசகங்களின் முகவரிப் பட்டியலை ஃபிளாஷில் வைத்தால் போதாது, வாசகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஃபிளாஷில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியல் மட்டும் அங்கே போகும், சரக்கு ரேமிலேயே கிடக்கும். அர்ச்சகர் தினமும் மாற்றப்போகும் வாசகத்தை மட்டும், ஓடும்போதே மாற்றக்கூடிய, மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராமில் வை. அது 1 கிலோபைட் இருக்கிறது.

இனி எழுத்துகள். ஐம்பதோடு ஏன் நிறுத்தினாய்? 247 எழுத்துக்கும் இடம் போதாது என்று எண்ணியிருப்பாய். அத்தனையும் வரையத் தேவையில்லை. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகியவற்றைத் தனி வடிவமாக வைத்துக்கொண்டால், உயிர், ஆய்தம், மெய், அகரம், இகர ஈகார உகர ஊகார வரிசைகள் எல்லாம் சேர்த்து 125 வடிவங்கள் போதும். ஔகாரத்துக்கு ளகரத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். ஏறக்குறைய 4 கிலோபைட். 32 கிலோபைட் ஃபிளாஷில் இது தெரியவே தெரியாது. ஜ, ஷ, ஸ, ஹ சேர்த்தாலும் கவலையில்லை. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வராமல் இருந்திருந்தால் பழைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஏழுக்கும் தனித்தனி வடிவம் வேண்டும், இன்னும் 224 பைட். பெரியாரை இந்தக் கோணத்தில் யாரும் பாராட்டியதாகத் தெரியவில்லை.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள். அந்த எண்ணைக் கொடுத்தால் உன் வடிவத்தின் வரிசை எண் கிடைக்கும்படி 128 பைட்டில் இன்னோர் அட்டவணை போடு. ஆனால் 'கொ' என்பது யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி பிறகு என்று வரும். பலகையிலோ கொம்பு முன்னால் போக வேண்டும். இதை அட்டவணையால் தீர்க்க முடியாது, நிரல்தான் பார்த்து மாற்ற வேண்டும்.

நானும் இப்போது அட்டவணையோடுதான் குடும்பம் நடத்துகிறேன். கோழிப்பண்ணைக்காரர் ஒருவருக்கு இன்குபேட்டர் வெப்பக் கட்டுப்பாடு செய்கிறேன். வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டரின் 1024 அளவுகளுக்கும் இரண்டு பைட் வீதம் வைத்தால் சரியாக 2048 பைட், உன் ரேம் முழுவதும். ஃபிளாஷில் வைக்க இடம் இருக்கிறது, ஆனாலும் 32 அளவுக்கு ஒரு புள்ளி என்று 33 புள்ளிகள் மட்டும் வைத்து, நடுவில் நேர்கோடாகக் கணக்கிடுகிறேன். 66 பைட்தான். 37.5 டிகிரியை ஒட்டி அதுவே போதுமான துல்லியம் தருகிறது. இருக்கிறதே என்று ஃபிளாஷையும் நிரப்புவது எனக்குப் பிடிக்காது.

ஏஆர்எம் சிப்புக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். அதில் ஃபிளாஷும் ரேமும் ஒரே முகவரி வரிசையில் வருவதால் கான்ஸ்ட் போட்டாலே அட்டவணை ஃபிளாஷில் தங்கிவிடும், இந்தக் கடிதத்தில் பாதி தேவைப்படாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் நீ போர்டு வாங்கி, சட்டத்தில் பொருத்தி, வர்ணமும் அடித்துவிட்டாய். இதிலேயே முடி.

மிச்சமுள்ள எழுத்துகளை வரைந்ததும் எனக்கும் ஒரு படி அனுப்பு. 'ணூ' 16 புள்ளி அகலத்தில் அடங்குகிறதா என்று முதலில் பார். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி